ஒரு மைக், இரண்டு லோகோ

ஆனி ரோஸ் முதன்முதலில் மைக்கைப் பிடித்தது வரதராஜன்பேட்டை மாதா கோயிலில். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்க வேண்டிய ஆசிரியைக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, வாத்தியார் அமிர்தசாமியின் மகளை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். பிள்ளை பிசிறில்லாமல் வாசித்துவிட்டு இறங்கியது. அன்றிலிருந்து அந்தக் குரலை யாரும் சும்மா விடவில்லை. திருவிழாவா, கல்யாணமா, கூப்பிடு அமிர்தசாமி மகளை என்றாகிவிட்டது.

அப்பாவுக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தது. வந்த இரண்டாம் வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் அம்மா இன்னாசிமேரி, பள்ளிக்கூடம் போகும் தம்பி சகாய ஆனந்த், திருச்சியில் ஆங்கில எம்.ஏ. முடித்துவிட்டு மெட்ரிக் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திய ஆனி ரோஸ். இந்த நிலையில்தான், 1996இல், அரியலூரில் கேபிள் இணைப்புக் கொடுத்துவந்த சாமிதுரைக்கு ஒரு யோசனை பிறந்தது. மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் உள்ளூர்ச் செய்தி போட்டால் என்ன?

போட்டார்கள். ஆனி ரோஸ் வாசித்தாள். தண்ணீர்க் குழாய் உடைந்தது, கூட்டுறவுச் சங்கத்தில் தகராறு, எருமை ஒன்று காணவில்லை. எருமைச் செய்தியை முடித்ததும், கோயிலில் வாசகத்தை முடிக்கும் பழக்கதோஷத்தில் வாய் தானாக, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லிவிட்டது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசிமேரி கைகூப்பி, "இறைவா, உமக்கு நன்றி" என்று சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்று யோசித்தாள். அந்த எருமை கிடைத்ததா என்று தெரியவில்லை.

கேமராவுக்குச் சிங்காரவேலு. கல்யாண வீடியோ எடுப்பவர், கைநேர்த்தியான மனிதர். என்ன, மணமேடையிலேயே பழகிய கை. தாசில்தார் பேட்டியை முடித்துவிட்டு அவர் முகத்தை இதய வடிவத்துக்குள் சுருக்கி, அதிலிருந்து ரேஷன் கடையை விரிய வைத்தார். தாசில்தார் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மனைவிக்கு அது பிடித்துப்போனதாகக் கேள்வி.

1999இல் சென்னையிலிருந்து ஒரு தமிழ் சேனல் ஆனி ரோஸை மாவட்டச் செய்தியாளராக எடுத்துக்கொண்டது. "செய்தி சொல்லுங்கம்மா, பைபிள் வாசிக்காதீங்க" என்று போனில் ஆறு மாதம் திட்டியே அவள் குரலில் இருந்த கோயிலைக் கழுவி எடுத்தார்கள். பள்ளி வேலையை விட்டாள். சிங்காரவேலுவும் முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவளோடு டி.வி.எஸ். ஐம்பதில் மாவட்டத்தைச் சுற்றினார்.

அது என்ன மாவட்டம் என்பதுதான் கேள்வி. அவள் சேர்ந்தபோது பெரம்பலூர் மாவட்டம். 2001இல் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள். அவள் புது விசிட்டிங் கார்டு அடித்தாள். அது தீர்வதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மிச்சக் கார்டுகளின் பின்பக்கம் இன்னாசிமேரிக்குப் பால் கணக்கு எழுத உதவியது.

எடுத்த கேசட்டைச் சென்னைக்கு அனுப்புவதுதான் பெரிய வித்தை. பல்லவன் எக்ஸ்பிரஸ் அரியலூரில் நிற்பது இரண்டே நிமிடம். அதற்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடி, நம்பக்கூடிய ஒரு முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "சார், எழும்பூர்ல எங்க ஆபீஸ் ஆளு வந்து வாங்கிக்குவாரு" என்று உறையைக் கையில் திணித்துவிட்டு, பெட்டி எண்ணையும் சட்டை நிறத்தையும் சென்னைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சிங்காரவேலு இதற்கென்றே ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். "செருப்பக் கழட்டிட்டுச் சம்மணம் போட்டு உக்காந்திருக்கறவங்கள நம்பலாம் மேடம். அவங்க நிதானமானவங்க." எட்டு வருடத்தில் ஒரே ஒரு கேசட்தான் தவறியது. அதைக் கொடுத்தது ஒரு புதுமாப்பிள்ளையிடம். தப்பு அவர்மேல் இல்லை.

2003இல் எறையூர்க் கரும்புக்காட்டுக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது என்று ஒரு புரளி. தில்லியிலிருந்து ஓர் ஆங்கிலச் செய்தி சேனல், அந்தப் பக்கம் ஆங்கிலம் பேசும் செய்தியாளர் யாராவது உண்டா என்று தேடி, ஆனி ரோஸைப் பிடித்தது. அவள் கரும்புக்கு நடுவில் நின்று பளிச்சென்று ஆங்கிலத்தில் பேசினாள். சிறுத்தை வரவே இல்லை. கடைசியில் அது ஒரு பெரிய காட்டுப்பூனை. ஆனாலும் தில்லிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவளிடம் மைக் ஒன்று, அதன் கழுத்தில் மாட்ட லோகோ இரண்டு. ஒரே இடத்தில் நின்று ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டி, ஒரே செய்தியை இரண்டு மொழியில் சொல்லுவாள்.

முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ். அதுதான் அவள் வழக்கம். ஏன் என்று சிங்காரவேலு ஒருமுறை கேட்டார். ஆங்கிலம் சுருக்கமாக முடிந்துவிடும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். உண்மை வேறு. தமிழில் பேசும்போது கேமராவின் கண்ணாடிக்குள் அம்மா தெரிவாள், தாசில்தார் தெரிவார், பங்குச்சாமியார் தெரிவார், அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாத நாலு குடும்பமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் அந்தக் கண்ணாடி காலியாக இருந்தது. சாமிதுரையின் கேபிளில் அந்தச் சேனலே வராது. அதனால் ஆங்கில ஆனி ரோஸுக்குப் பயம் கிடையாது. அதிகாரியின் பெயரைச் சொல்லுவாள், பொய்யைப் பொய் என்பாள். தமிழ் ஆனி ரோஸ் கொஞ்சம் மழுப்புவாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று எம்.ஏ. படித்தவளும் நம்பத்தான் செய்கிறாள்.

2005ஆம் வருடத்து ஐப்பசி மழையை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து, காரைமேடு என்ற ஊரில் சுகன்யா என்ற பெண், ஏழாம் வகுப்புப் படிப்பவள், ஆட்டைத் தேடிப் போனவள் தண்ணீரில் விழுந்து இறந்துபோனாள். ஆனி ரோஸும் சிங்காரவேலுவும் போனபோது உடலை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

அது குளம் இல்லை, குட்டை இல்லை. சிமெண்ட் ஆலை சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். சுவர் வைத்தாற்போல் செங்குத்தாக இறங்கும் கரை. உள்ளே பச்சைத் தண்ணீர். சுற்றிலும் ஒரு முள்கூட இல்லை.

சுகன்யாவின் அம்மா பாப்பாயி களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆனி ரோஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேமராவைத் தூக்கியதும் பாப்பாயிக்கு அழுகைதான் வந்தது. கேமராவை இறக்கிய பிறகு, அழுது ஓய்ந்த குரலில், ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இந்தக் குழிய வெட்டுனதே எங்க வூட்டுக்காரரு மாதிரி ஆளுங்கதாம்மா. மூணு வருசமாச்சு வெட்டி முடிச்சு. அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. வேலி போடுங்கன்னு மூணு தடவ மனு குடுத்தோம். வேலி போட்டாச்சுன்னு பேப்பர்ல எழுதி வச்சிருக்காங்களாம். பேப்பர்ல இருக்குற வேலிய ஆடு பாக்குமா, எம்புள்ள பாக்குமா?"

ஆனி ரோஸின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து பள்ளத்தின் கரைக்குப் போனாள். ஆங்கில லோகோவை மாட்டினாள். இது இன்ன ஆலையின் பள்ளம், கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது, மூன்று மனுக்கள் போயிருக்கின்றன, ஆலையின் காகிதத்தில் வேலி இருக்கிறது, இங்கே இல்லை, அந்த வேலி இல்லாததால்தான் இந்தப் பெண் இறந்தாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குரல் நடுங்கவே இல்லை.

பிறகு லோகோவை மாற்றினாள். சிங்காரவேலு "ரோலிங்" என்றார். கண்ணாடிக்குள் தம்பி தெரிந்தான்.

சகாய ஆனந்த் அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக ஒப்பந்த வேலையில் இருந்தான். மார்ச்சில் நிரந்தரம் ஆகும் என்று பேச்சு. அதை நம்பி ஏலாக்குறிச்சியில் பெண் பேசி, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தம்பி அவளிடம் எதையும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, ஆலை கேட்கவில்லை, சென்னையும் கேட்கவில்லை. அவளாகவே, "ஊருக்கு வெளியே தேங்கியிருந்த மழைநீரில் தவறி விழுந்து" என்று தமிழில் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேறு யாருடைய உதவியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் இரவுச் செய்தியில் அது வந்தது. சாப்பிட்டுக்கொண்டே பார்த்த இன்னாசிமேரி, "அய்யோ, பச்சப்புள்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சகாய ஆனந்த் தட்டைப் பார்த்தபடி, "தேங்க்ஸ்க்கா" என்றான். அந்த வார்த்தை அவளுக்கு ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியதுபோல் இருந்தது.

ஆங்கிலச் சேனலில் வந்தது வீண்போகவில்லை. தில்லியில் யாரோ பார்த்து, யாரையோ கேட்டு, அது சென்னை வழியாக இறங்கி வந்து, கோட்டாட்சியர் விசாரணைக்கு உத்தரவானது. ஆனி ரோஸ் மனசுக்குள் நிம்மதி அடைந்தாள். தம்பி வேலையும் போகவில்லை, பாப்பாயிக்கும் நியாயம் கிடைக்கப் போகிறது. இரண்டு மொழி தெரிந்தால் இரண்டு பக்கமும் நல்லவளாக இருக்கலாம்போல என்றுகூட நினைத்தாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான் தாங்கியது. பேருந்து நிலையத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை உண்டு. ஒரு திங்கட்கிழமை அந்த மாடிப்படியில் பாப்பாயியும் அவள் கணவன் தங்கசாமியும் ஏறி வந்தார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் ஆனி ரோஸ்.

பாப்பாயி உட்காரவில்லை. "மொதல் விசாரண நடந்துச்சும்மா. ஆலைக்காரரு ஒரு சிடி கொண்டாந்து போட்டாரு. நீ பேசுனது. மழத்தண்ணியில விழுந்துருச்சுன்னு நீ சொல்ற. பாருங்க, இந்த மாவட்டத்துலேயே நம்பிக்கையான ஆளு, அவங்களே சொல்றாங்க, இந்தச் சாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிட்டாரு."

ஆனி ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆபீஸ்ல ஒரு சாரு சொன்னாருங்க. தில்லி டிவியில நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாம். அதனாலதான் விசாரணையே வந்துச்சாம்."

"அங்க சொன்னத இங்க ஏம்மா சொல்லல?" என்று பாப்பாயி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். "செத்தது எம்புள்ளதான? தில்லிக்காரன் புள்ள இல்லையே."

அவர்கள் இறங்கிப் போன பிறகு ஆனி ரோஸ் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. செய்தித் தொழிலில் ஒன்பது வருடம். அன்றைக்குத்தான் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அடுத்த விசாரணை வியாழக்கிழமை, காரைமேட்டுப் பள்ளிக்கூடத்தில், ஊர் முன்னால். தான் போகப்போவதாகவும் சொன்னாள்.

சகாய ஆனந்த் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ சொல்லித்தான் ஆகணுமாக்கா? இங்கிலீஷ்ல சொல்லியாச்சுல்ல. அது போதாதா?"

"போதும்னுதான்டா நானும் நெனச்சேன்."

"எனக்கு மார்ச்ல ஆர்டர் வரும். தெரியும்ல?"

"தெரியும். அதுக்காகத்தான் அன்னைக்கு முழுங்குனேன். நீ கேக்கவே இல்ல, நானாத்தான் முழுங்குனேன். இப்ப நான் முழுங்குனத வச்சே அந்த அம்மாவ அடிக்கிறாங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். இன்னாசிமேரி மாதா படத்தின் முன் முழங்காலில் நின்றாள். மகளுக்காக வேண்டினாளா, மகனுக்காக வேண்டினாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை காலை, சாமிதுரையின் கேபிள் ஆபீஸிலிருந்து ஒரு டிவி பெட்டி ஆட்டோவில் காரைமேட்டுக்குப் போனது. சிங்காரவேலு கேமராவை அதில் இணைத்து, பிரதி எடுத்து அனுப்பிவிட்டுத் தன்னிடம் வைத்திருந்த மூலக் கேசட்டைப் போட்டார். வகுப்பறையில் கோட்டாட்சியர் அம்மாள், ஆலையின் அதிகாரி, மணியக்காரர், ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஊர் முழுக்க.

திரையில் ஆனி ரோஸ் பள்ளத்தின் கரையில் நின்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற ஆனி ரோஸ் அதை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். கையில் மைக் இல்லை, லோகோ இல்லை. ஆலையின் பெயரைச் சொன்னாள். மூன்று வருடம் என்றாள். மூன்று மனு என்றாள். காகிதத்தில் இருக்கும் வேலியைச் சொன்னாள். சென்னைக்காரர்கள் கழுவி எடுத்திருந்த அந்தப் பழைய கோயில் குரல் அவளை அறியாமலே திரும்பி வந்திருந்தது.

ஆலை அதிகாரி எழுந்தார். "இந்த அம்மா அன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க. நாங்க எத நம்புறதுங்க?"

"அன்னைக்குத் தமிழ்ல பாதிய மறச்சேன் சார்" என்றாள் ஆனி ரோஸ். "எந்தம்பி உங்க ஆலையிலதான் வேலை பாக்குறான். அந்தப் பயத்துல மறச்சேன். இத எழுதிக்குங்க மேடம், நான் கையெழுத்துப் போடுறேன்."

கோட்டாட்சியர் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது பாப்பாயி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். ஏதாவது திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனி ரோஸ் அவள் முன்னால் போய் நின்றாள்.

"இம்புட்டுத்தானா அதுல இருந்துச்சு?" என்றாள் பாப்பாயி. "தில்லியே ஆடிப்போச்சுன்னாங்க, என்னமோ ஏதோன்னு நெனச்சேன். நான் அன்னைக்குக் களத்துமேட்டுல உங்கிட்டச் சொன்னதுதான இது அம்புட்டும்."

ஆமாம். ஒரு வரிகூட ஆனி ரோஸுடையது இல்லை. தன்னுடைய தைரியம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது பாப்பாயி தமிழில் சொன்னது. அவள் செய்ததெல்லாம் அதை ஊர் கேட்காத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சொன்னதுதான். அவளுக்கு அழுகை வந்தது. பாப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் இருவரும் அப்படியே நின்றார்கள்.

மாசி மாதம் பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. தங்கசாமி அந்த வேலியைத் தினமும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். பாப்பாயி அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச்சில் சகாய ஆனந்துக்கு ஆர்டர் வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஏலாக்குறிச்சிப் பெண் வீட்டார் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அவன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் பஸ் ஏறினான். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் ரோசு" என்றாள் இன்னாசிமேரி. "ஆனா சாப்பாடு எடுத்து வைக்கிறப்போ கை மூணு தட்டு எடுக்குது." ஆனி ரோஸ் மூன்றாவது தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

தமிழ் சேனல் அவளை இரண்டு மாதம் ஒதுக்கி வைத்தது. பிறகு பல்லவனில் முகம் பார்த்துக் கேசட் கொடுக்க அந்த மாவட்டத்தில் வேறு ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டது. அவள் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். முதலில் தமிழ். பேசி முடித்ததும், அந்த இடத்தில் நிற்கிறவர்களில் யாராவது ஒருவரிடம், "சொன்னது சரியா இருக்கா?" என்று கேட்பாள். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் லோகோவை மாற்றுவாள். சிங்காரவேலுவுக்கு இதில் கேசட் வீணாவதாக வருத்தம்.

2007 நவம்பரில் அரியலூரை மறுபடி தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஊரெல்லாம் தோரணம். ஆனி ரோஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, அரியலூர் மக்களின் நெடுநாள் கனவு இன்று நனவாகியிருக்கிறது என்று தமிழில் சொல்லி முடித்தாள். வழக்கம்போல, கேமராவுக்குப் பின்னால் நிற்கும் முகங்களைப் பார்த்து, "சொன்னது சரியா இருக்கா?" என்றாள்.

சிங்காரவேலுவின் தோளுக்குப் பின்னால், கையில் திருப்பூர்ப் பையோடு, ஒன்றரை வருடமாக அவளோடு பேசாதவன் நின்றுகொண்டிருந்தான். அவன் தலையாட்டவில்லை.

"ஒண்ண விட்டுட்டியேக்கா" என்றான் சகாய ஆனந்த். "ஏற்கெனவே ஒரு தடவ குடுத்துட்டு, திரும்பப் புடுங்குனாங்கல்ல. அத ஏன் சொல்லல?"

ஆனி ரோஸ் தம்பியைப் பார்த்தாள். பிறகு சிங்காரவேலு பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னொரு தடவ எடுத்துருவோம். தமிழ்லயே."